அக்கரைப் புல்

மே மாதம் பிறந்த பிறகும் உறைந்து கிடந்த எங்கள் ஏரியின் மேல் குதிரையை நடத்திக்கொண்டு போக முடிந்தது. ஊரில் நரைத்த தலைகள்கூட இப்படி ஒரு குளிரைக் கண்டதில்லை என்றார்கள். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அதுதான் முதல் குளிர்காலம்.

என் புருஷன் தஹ்வோ கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குதிரையையும் ஓட்டிக்கொண்டு மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டார். வெட்டிய மரங்கள் ஆற்றங்கரையில் அடுக்கிக் கிடக்கும். ஆறு உருகித் திறந்தால்தான் மரங்களைத் தண்ணீரில் விட முடியும். மரம் இறங்கினால்தான் ஆள் வீடு திரும்புவார். ஆகவே ஏரிக்கரையில் இருந்த அந்த வீட்டில் நானும், அவருடைய அக்கா ஈத்தாவும், ஐந்து பசுமாடுகளும்தான்.

ஈத்தா கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆண்பிள்ளைத் தோள். கோடாலியைப் போல நாக்கு. நான் கடலோரத்திலிருந்து வந்தவள் என்பதால் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருக்கும் உறைபனியை நகத்தால் சுரண்டி, அந்த ஓட்டை வழியாக வெளியே பார்ப்பேன். எங்காவது கறுப்பாக ஒரு கையளவு மண் தெரிகிறதா என்று.

"என்ன கடற்கரைக்காரி, வசந்தம் வாசல்ல வந்து நிக்குதா? நின்னா உள்ள கூப்பிட்டு ஒரு காபி குடு. பாவம், தூரத்துல இருந்து வரும்."

"எங்க ஊர்ல இந்நேரம்..."

"உங்க ஊர்ல இந்நேரம் மீனெல்லாம் தானா கரையேறி வந்து சட்டியில படுத்துக்கும். தெரியும்மா. நேத்தும் இதத்தான் சொன்ன."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். நான் தொழுவத்துக்குப் போன பிறகு அவளும் அதே ஓட்டை வழியாகப் பார்ப்பாள். திரும்பி வரும்போது கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு ஓட்டை பெரிதாகியிருக்கும்.

பசி எங்களுக்கு இல்லை. கறுப்பு ரொட்டியும் உப்புக்கண்டமும் இருந்தன. பசி மாடுகளுக்கு. போன கோடையில் விடாமல் மழை. அறுத்த புல்லில் பாதி வயலிலேயே மக்கிப்போனது. மீதி ஈஸ்டர் வரை தாங்கியது. அதற்குப் பிறகு வைத்திருந்ததைச் சிறிது சிறிதாகக் கிள்ளிப் போட்டோம். ஏரியோரப் புதர்களில் சுள்ளி ஒடித்து வந்தோம். பைன் மரங்களுக்கு அடியில் பனியை இடுப்பளவு தோண்டினால் வெண்பாசி கிடைக்கும். அதைக் கூடையில் அள்ளி வந்து வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தோம். விரல் நுனிகள் வெடித்து, பால் கறக்கும்போது எரியும். பிறகு கறக்கப் பாலும் இல்லாமல் போனது, எரிச்சல் மட்டும் மிச்சம்.

ஒருநாள் ஈத்தா தன் மெத்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் வந்தாள். தையலைக் கத்தியால் கிழித்து உள்ளே இருந்த வைக்கோலைத் தீவனத் தொட்டியில் கொட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய் என் மெத்தையையும் கொண்டுவந்தேன்.

வெறும் பலகையில் தனித்தனியாகப் படுக்க முடியவில்லை. ஒரே கட்டிலில், இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தோம்.

"உனக்கு இருக்கிறது எலும்பா, விறகுக்கட்டையா? முதுகைக் குத்துது."

"உங்களுது மட்டும் பஞ்சாக்கா?"

இருட்டில் அவள் மூக்கால் சிரித்தது கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தில் சினையாக இருந்தவள் ஹெலுனா. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. அவள் ஒரு காலையில் எழவில்லை. தட்டினோம், தூக்கினோம், கெஞ்சினோம். படுத்த மாடு படுத்தபடியே இருந்தால் நெஞ்சு அடைத்துப் போய்விடும். ஆகவே குதிரைக்குப் பூட்டும் பழைய தோல்வார்களை அவள் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, உத்தரத்தில் கயிறு போட்டு இழுத்து நிறுத்தினோம். நான்கு கால்களும் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கின. அப்படியே நின்றாள்.

அன்று பாசியோடு தொழுவத்துக்குள் நுழையப்போனவள் கதவருகில் நின்றுவிட்டேன். ஈத்தா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்டி ராசாத்தி. வந்துரும். எப்பவும் வராம இருந்திருக்கா? வழியில எங்கயோ சுணங்கி நிக்குது, அவ்வளவுதான். வந்துரும்டி."

நான் இரண்டு எட்டுப் பின்னால் போய், செருமிக்கொண்டு மறுபடி வந்தேன். அதற்குள் அவள் சாணம் வழித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் ஆபேலி வந்தார். ஏரிக்கரையின் அடுத்த வளைவில் தனியாக இருந்த பண்ணைக்காரர். ஊரில் யாருக்காவது மாடு அறுக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தம், மிருகம் பயப்படாது. சாக்குத் துணியில் சுற்றிய கத்தி அவர் கைக்குள் இருந்தது.

"யாரு இவர வரச் சொன்னது?" என்றேன்.

"நான்தான்," என்றாள் ஈத்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலையாவது காப்பாத்தணும்ல. அவ திங்குற தீனிய மத்ததுக்குப் போட்டா..."

நான் போய் ஹெலுனாவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்த்துப் பேச என்னிடம் நியாயம் இல்லை. ஈத்தா சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனால் கை விடவில்லை. மாட்டின் வயிற்றுக்குள் கன்று அசைந்தது. தோல்வாருக்கு மேலே ஒரு முட்டு எழும்பி அடங்கியது. அதை மூன்று பேரும் பார்த்தோம்.

ஆபேலி கத்தியைத் துணி பிரிக்காமலே தரையில் வைத்தார். மாட்டின் காது மடலை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தார்.

"சூடு இருக்கு," என்றார். கதவு வழியாக ஏரியைப் பார்த்தார். "அக்கரையில என் களத்துக் கொட்டகையில கொஞ்சம் புல்லு கெடக்கு. நல்ல ஏரிப்புல்லு. ஜனவரிக் குளிர்ல என் குதிரை செத்துப்போச்சு, எடுத்து வரமுடியல. வேணும்னா உங்களோடது."

"ஏரி தாங்குமா, ஆபேலி?" என்றாள் ஈத்தா.

"குதிரைய இனி எறக்க முடியாது. மேல பனி கனமாத் தெரியும், அடியில அரிச்சிருக்கும். விடியக்காலையில எறுகிக் கிடக்கறப்ப, மனுஷங்க ரெண்டு பேரு, சின்னச் சறுக்கு வண்டி... போகலாம்னு நான் சொல்லல. கேட்டதுக்குச் சொல்றேன்." கத்தியை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். "இத்தனை மாசமா வசந்தத்த வா வான்னு கூப்பிட்டீங்கல்ல? நாளைக்கு ஒரு நாள் மட்டும் வராதேன்னு வேண்டிக்குங்க."

அன்று மாலை நாங்கள் இருவரும் அதைத்தான் வேண்டிக்கொண்டோம். அக்டோபரிலிருந்து தினமும் கேட்டதை அன்று ஒரு நாள் கேட்கவில்லை. காற்று வடக்கிலிருந்தே வீச வேண்டும், பனி இறுகிக் கிடக்க வேண்டும், இன்னும் ஒரு காலை குளிர் கொல்ல வேண்டும் என்று கைகூப்பினோம்.

குளிர் சொன்னபடி கேட்டது. சூரியன் அந்தப் பருவத்தில் சீக்கிரம் எழுந்துவிடும். நாங்கள் இறங்கும்போது மரங்களுக்கு மேலே சிவப்பாக வந்திருந்தது. ஏரி முழுவதும் இரும்பு. ஆளுக்கொரு சறுக்கு வண்டி. ஈத்தா தன் வண்டியை இழுத்தபடி, இரும்பு முனை வைத்த கம்பால் பனியைக் குத்திக் குத்தி முன்னால் நடந்தாள். நான் ஒரு கயிற்றை என் இடுப்பிலும் அவள் இடுப்பிலும் கட்டி, என் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"நான் விழுந்தா கயித்த இழு. நீ விழுந்தா நான் அவுத்து விட்டுருவேன்," என்றாள்.

"எதுக்கு?"

"அப்புறம் மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

அக்கரையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது கோடையின் வாசனை முகத்தில் அடித்தது. பச்சையும் தேனும் கலந்த வாசனை. ஈத்தா ஒரு பிடி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு புல்லைக் கட்டத் தொடங்கினேன். எதிர்பார்த்ததைவிட நிறைய இருந்தது. இரண்டு வண்டியிலும் ஆள் உயரத்துக்கு ஏற்றினோம். பேராசைதான். ஏற்றி முடிக்க நேரமாகிவிட்டது.

திரும்பி ஏரிக்குள் கொஞ்ச தூரம் வந்திருப்போம். என் இடது கன்னத்தில் ஏதோ பட்டது. கையால் தடவினேன். ஒன்றுமில்லை, காற்று. ஆனால் வெதுவெதுப்பான காற்று. மாதக்கணக்கில் என் முகத்தில் பட்ட எதுவும் வெதுவெதுப்பாக இருந்ததில்லை, மாட்டின் மூச்சைத் தவிர.

ஈத்தாவும் நின்றுவிட்டாள். "தெக்குக் காத்து," என்றாள் மெதுவாக. அவள் முகத்தில் இருந்தது பயமா சந்தோஷமா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. "பாவி மவ. இன்னைக்கா வரணும்? நட. நிக்காம நட."

நடந்தோம். வண்டிச் சறுக்குக் கட்டைகள் காலையில் கீச்சிட்டவை இப்போது சளசளத்தன. கால் வைத்த இடத்தில் தண்ணீர் ஊறியது. வெள்ளையாக இருந்த ஏரி எங்களைச் சுற்றி மெல்ல மெல்லச் சாம்பல் நிறமானது, துணியில் ஈரம் பரவுவதுபோல. சூரியன் முதுகில் சுட்டது. மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினேன்.

நடு ஏரியில் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் அது காதில் கேட்கவில்லை. பாதத்தில் கேட்டது. அடியிலிருந்து ஒரு அதிர்வு எழுந்து எலும்பு வழியாக வயிற்றுக்குள் வந்தது. பிறகு ஒரு நீண்ட முனகல், கரையிலிருந்து கரைக்கு, மலைக்கு அடியில் படுத்திருந்த ஏதோ ஒன்று புரண்டு படுப்பதுபோல. வடகோடியில் தொடங்கி எங்கள் காலடி வழியாக ஓடித் தென்கோடியில் போய் அடங்கியது. அடங்கிய இடத்திலிருந்து மெல்லிய, உயர்ந்த ஒரு குரலில் பதில் வந்தது. மனுஷத் தொண்டையில் அந்த ஓசை பிறக்காது. தேவாலயத்து ஆர்கனின் பெரிய குழாயும் சின்னக் குழாயும் மாறி மாறிப் பேசினால் ஒருவேளை அப்படி இருக்கலாம்.

நான் குனிந்து உள்ளங்கையைப் பனியில் வைத்தேன். பயத்தில் அல்ல என்று சொன்னால் பொய்; ஆனால் பயம் மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றின் மேல் இத்தனை மாதம் செத்தது என்று நினைத்து நடந்திருக்கிறேன். அது உயிரோடிருந்தது.

அப்போது தலைக்கு மேலே எக்காளங்கள். அண்ணாந்து பார்த்தோம். அன்னங்கள். தெற்கிலிருந்து வரிசை வரிசையாக, வானம் கொள்ளாமல் வந்தன. அவற்றின் சிறகுக்கு அடியில் சூரியன் பட்டு வெள்ளை பொன்னாகி மறுபடி வெள்ளையானது. இறக்கையின் விசிறல் எங்கள் முகத்தில் படும் அளவுக்குத் தாழ்ந்து கடந்து, ஓடை ஏரியில் கலக்கும் மூலையில் ஒவ்வொன்றாக இறங்கின. அவை இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அங்கே தண்ணீர் திறந்துவிட்டது. நீலமாக, உண்மையான தண்ணீர்.

ஈத்தா வண்டிக் கயிற்றைக் கீழே விட்டுவிட்டாள். வாய் திறந்திருந்தது. கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

"இங்கயே பொறந்தேன்," என்றாள். "இங்கயேதான் இருக்கேன். இதப் பாத்ததே இல்லடி. ஒவ்வொரு வருஷமும் வந்திருக்கும். நான் அடுப்படியில இருந்திருப்பேன்."

அவள் நகரவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, வாங்க. அக்கா, காலுக்கடியில பாருங்க."

பனிக்கட்டி ஊசி ஊசியாகப் பிரிந்துகொண்டிருந்தது. மிதித்தால் கிணுகிணுத்தது.  எங்கள் கரையின் பாறைகள் தெரியத் தொடங்கின, படகுக் கொட்டகை தெரிந்தது, தொழுவத்தின் கூரை தெரிந்தது. கடைசியில் கரைக்கு வந்து நின்றோம். வந்தோம் என்பது சரியில்லை. பனிக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் பிளந்திருந்தது, நான் குறுக்கே படுத்தால் எட்டும் அகலத்தில்.

ஈத்தா ஒரு வண்டியைக் காலி செய்து அதைப் பாலமாகக் குறுக்கே தள்ளினாள்.

"நீ போ. நீ எடை கம்மி."

"நீங்க முதல்ல."

"இங்க நின்னு கல்யாண மரியாதையா பண்ணிக்கிட்டிருப்ப? போடி!"

வண்டியின் மேல் தவழ்ந்து கடந்தேன். அவள் புல்லைக் கட்டுக் கட்டாக எறிய, நான் பிடித்துப் பிடித்துக் கரையில் குவித்தேன். இரண்டாவது வண்டியும் காலியானது. கடைசிக் கட்டை எறிந்தபோது அவள் நின்ற பாளம் சரிந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் மார்பு வரை தண்ணீருக்குள் போனாள்.

அவிழ்த்துவிடும் எண்ணமே எனக்கு வரவில்லை. கயிற்றைப் பாறையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கால் உதைத்து இழுத்தேன். எங்கிருந்து பலம் வந்தது தெரியாது. அவள் கம்பை ஊன்றி, வண்டியைப் பற்றி, கடல்நாய் போலக் கரையில் வந்து விழுந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன.

"சவுனா... மூட்டாமலே... குளிச்சாச்சு," என்றாள். நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டும் வேலை மிச்சமாம்.

அவளை வீட்டுக்கு இழுத்துப்போய், உடை மாற்றி, அடுப்பருகில் உட்கார்த்திவிட்டு மாடுகளுக்குப் புல் கொண்டுபோனேன். ஹெலுனா முதலில் வாசனை பிடித்தாள். மூக்குத் துவாரம் விரிந்தது. உள்ளங்கையில் வைத்து நீட்டியதை நாக்கால் சுற்றி வாங்கிக்கொண்டாள். மற்ற நான்கும் மெல்லும் ஓசை தொழுவத்தை நிறைத்தது. அந்த ஓசைக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் காற்று பலத்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஈத்தாவும் வெளியே வந்தாள். உள்ளே இரு என்றால் கேட்கிறவளா? ஏரி முழுவதும் ஒரே பாளமாக எங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. பாறையில் முட்டியது, நிற்கவில்லை. பின்னால் இருந்த பனி முன்னால் இருந்ததை ஏற்றித் தள்ள, அது நிமிர்ந்து, கோடிக் கோடிக் கண்ணாடி ஊசிகளாக உதிர்ந்து, கரைமேல் ஏறியது. ஒரு கண்ணாடிக் கடையை வண்டியோடு யாரோ கவிழ்த்தால் வரும் சத்தம். ஆனால் அது ஓயவே இல்லை. படகுக் கொட்டகையை ஒரு கையால் ஒதுக்குவதுபோல ஒதுக்கிச் சரித்தது. தஹ்வோ கட்டிய படகுத்துறை தீக்குச்சிகளாகப் போனது. எங்கள் தலைக்கு மேல் உயரமாக ஒரு நீலச் சுவர் எழுந்து, வெயில் அதற்குள் நுழைந்து உள்ளிருந்தே ஒளிர்ந்தது.

காலையில் அதன் மேல் நடந்தவர்கள் நாங்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தோம்.

சாயங்காலம் சுவர் நின்றது. அதற்கு அப்பால் அலையடித்தது. அலை! அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன்.

நல்லதெல்லாம் ஒன்றாக நடந்துவிடவில்லை. நாங்கள் ஹெலுனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளி மாடு கிர்யோ ஐந்திலும் திடமானவள், மெத்தை வைக்கோலைக்கூட மற்றதிடமிருந்து பிடுங்கித் தின்றவள், மூன்றாம் நாள் ஒரு முனகலும் இல்லாமல் போய்விட்டாள். ஏன் என்று ஆபேலிக்கும் தெரியவில்லை. "நாம கணக்குப் போடறோம். அது வேற ஏதோ கணக்கு," என்றார். 

பனி உருகி ஓடியது. தெற்குச் சரிவில் மண் தெரிந்தது, மண்ணில் எலிக்காது அளவுக்குப் பச்சை துளிர்த்தது. ஒரு காலையில் ஈத்தா தொழுவக் கதவின் இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள்.

மூன்று மாடுகள் வெளியே பாய்ந்தன. ஹெலுனா மட்டும் வாசற்படியில் நின்றாள். தோல்வார் அறுத்த தழும்பு விலாவில் இருந்தது. கால்கள் நடுங்கின. எட்டு மாத இருட்டிலிருந்து வந்தவளுக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தலையைத் தாழ்த்திப் படிக்கு அப்பாலிருந்த மண்ணை மோந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு அந்தப் பெரிய வயிற்றோடு, வாலைத் தூக்கிக்கொண்டு, பின்னங்கால்களை வானத்துக்கு உதைத்துக் குதித்தாள். எலும்பும் தோலுமான சினை மாடு கன்றுக்குட்டியைப் போலத் துள்ளித் துள்ளி வேலி வரை ஓடி, திரும்பி, மறுபடி ஓடியது.

"ஏ, வயித்துப் பிள்ளக்காரி! மெதுவாடி! மெதுவா!" என்று கத்திக்கொண்டு ஈத்தா அவள் பின்னால் ஓடினாள். காலணி சேற்றில் மாட்டிக் கழன்றது. வெறுங்காலோடு ஓடினாள். பாதி வழியில் எதற்காக ஓடுகிறோம் என்பதையே மறந்துவிட்டவள்போல மாட்டுக்கு இணையாக ஓட ஆரம்பித்தாள், கைகளை விரித்துக்கொண்டு, அந்தத் தோளும் அந்த உடம்புமாக. மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன.

"ஹில்யா!" என்று கூப்பிட்டாள். "மரம் மாதிரி நிக்காத, ஹில்யா! வா!"

நான் காலணியைக் கழற்றினேன். மண் பனியைவிடக் குளிர்ந்திருந்தது. ஓடினேன்.